மாரிகால விருந்தும் பேர்பன் விஸ்கியும்: எந்தக் கறியோடு எது சேரும்?

கேள்வி, டிசம்பர் 4

அண்ணா, அத்தான் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வருகிறார். வரும்போது இரண்டு போத்தல் பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று மேக்கர்ஸ் மார்க், மற்றது வைல்ட் டர்க்கி 101. திருவெம்பாவை முடிந்த பின் வரும் சனிக்கிழமை இரவு திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நண்பர் குடும்பம் வருகிறது; மற்றவர்களில் இரண்டு பேர் சைவம். பனிக்கால விருந்து என்று தேடினால் பன்றி விலாவும் சீஸும் அப்பிள் பையும்தான் வருகின்றன. அவற்றை இங்கே சமைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆட்டிறைச்சி, மீன், புட்டு, சொதி என்று நம் சாப்பாட்டையே வைத்தால் இந்த மது அதற்குப் பொருந்துமா, அல்லது வழக்கம்போலச் சாராயமே போதும் என்று விட்டுவிடலாமா? நான் குடிப்பதில்லை. சமையல் மட்டும் என் பொறுப்பு என்பதால் சுவைத்துப் பார்த்து முடிவெடுக்க வழியில்லாமல் கேட்கிறேன்.

டிசம்பர் 4, இரவு

பொருந்தும் தங்கச்சி, ஆனால் எல்லாக் கறிக்கும் பொருந்தாது. நிலாவெளியில் ஒரு கடற்கரை விடுதியின் சமையற்கட்டில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். வெளிநாட்டு விருந்தினர் பேர்பனை எதனோடு ஆறுதலாக அருந்துகிறார்கள், எந்தக் கறியைத் தொட்டதும் கிளாஸைத் தள்ளிவைக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு மிஞ்சிய கறிகளோடு நானும் சுவைத்துப் பார்த்திருக்கிறேன். வறுத்த தேங்காய், கறுவா, கராம்பு, கருப்பட்டி ஆகியவை உள்ள சாப்பாடு பேர்பனுக்கு உறவு. பழப்புளியும் கடும் மிளகாயும் அதற்குப் பகை. இதுதான் என் முடிவு.

காரணத்தை விளங்கிக்கொண்டால் பட்டியல் எதுவும் தேவைப்படாது. அமெரிக்கச் சட்டப்படி பேர்பன் என்று பெயரிட வேண்டுமானால், அதற்கான தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் சோளமாக இருக்க வேண்டும். வடித்த மதுவை 62.5 சதவீதத்துக்கு மேற்படாத வலிமையில், உட்புறம் தீயால் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்தில் ஊற்ற வேண்டும். போத்தலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்கொட்லாந்து விஸ்கிக்குப் பழைய பீப்பாய் போதும். இதற்கு ஒவ்வொரு முறையும் புதிய மரம் வேண்டும் என்பதால், மரத்தின் முதற்சாரம் முழுவதும் பேர்பனுக்கே கிடைக்கிறது. மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் உடைந்து வனிலா மணத்தைத் தருகிறது. மரத்துக்குள் இருக்கும் வெல்லங்கள் தீயில் கருகிச் சீனிப்பாகின் மணத்தைத் தருகின்றன. கராம்புக்கு மணம் தரும் யூஜினோல் ஓக்கிலும் சிறிதளவு உண்டு. நமக்கு மிக முக்கியமானது ஓக் லக்டோன் என்ற பொருள். அதன் வாசனை தேங்காயின் வாசனை. அது அமெரிக்க வெள்ளை ஓக்கில் தாராளமாக உண்டு. பேர்பன் பெரும்பாலும் உருவாகும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியில் தென்னை இல்லை, ஆனால் அங்கே ஊறிய மதுவில் தேங்காய் மணக்கிறது. நம் கறியில் தேங்காயை வறுத்து அரைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

அத்தான் வந்த பிறகு இதை நீங்களே, குடிக்காமல், சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையில் இரண்டு துளி விட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்து, மதுசாரம் ஆவியாகும் வரை கொஞ்சம் பொறுத்து முகருங்கள். முதலில் மூக்கைக் குத்தும் வாடை போய்விடும். பின்னால் சோளமும் மரமும் தேங்காயும் கையில் தங்கியிருக்கும்.

டிசம்பர் 5

மிளகாயைப் பகை என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் மிளகாய் இல்லாமல் நம் வீட்டில் விருந்து இல்லை.

மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையும். அதனால் ஒரு மிடறு விஸ்கி காரத்தைக் கழுவிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கரைவது உண்மைதான், ஆனால் வாய்க்குள் நடப்பது வேறு. சூட்டை உணர்த்தும் ஏற்பி ஒன்று நம் நரம்புகளில் இருக்கிறது. அது வழக்கமாக 42 பாகை செல்சியஸ் அளவில்தான் விழித்துக்கொள்ளும். கப்சைசின் தட்டியெழுப்புவதும் அதே ஏற்பியைத்தான். மதுசாரம் பட்டால் அது 34 பாகை அளவிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் உடம்பின் சூடே அதற்கு மேல் என்பதால், வெறும் வாயிலேயே விஸ்கி எரிகிறது. காரக் கறியை உண்ட வாயில் 50 சதவீத வலிமையுள்ள மதுவை ஊற்றினால், அதே கதவை இரண்டு பேர் சேர்ந்து உடைப்பது போலாகிவிடும். கறியின் ருசியும் தெரியாது, மதுவின் ருசியும் தெரியாது.

ஆகவே வீட்டுக் கறித்தூளை அன்றைக்கு அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதில் செத்தல் மிளகாய் தாராளமாக விழுந்திருக்கும். மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, கறுவா, ஏலம், கராம்பு ஆகியவற்றை நிறம் மாறும் வரை வறுத்துத் தனியாக ஒரு தூள் இடித்துக்கொள்ளுங்கள். செத்தல் மிளகாயை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடலாம். காரம் வேண்டியவர்களுக்கு ஒரு கட்டச் சம்பலை இடித்துத் தனியாக மேசையில் வையுங்கள்.

டிசம்பர் 5, பின்னேரம்

மிளகைக் கூட்டினால் காரப் பிரச்சினை மறுபடி வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், ஆனால் குறைவாக. மிளகின் பிப்பெரின் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது. அதன் பிடி மிளகாயின் பிடியை விட மெல்லியது. அதோடு மிளகுக்கு மணம் உண்டு, அந்த மணம் கோதுமைக்கு உறவான தானியமாகிய றை சேர்த்த பேர்பனோடு நன்றாகப் போகும்.

டிசம்பர் 7

சாராயத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

நம் நாட்டுத் தென்னஞ் சாராயத்தை மரபாக ஹல்மில்ல மரத்தாற் செய்த பெரிய தொட்டிகளில் ஊறவைப்பார்கள். அந்த மரம் நம் மாவட்டத்துக் காடுகளில் வளர்வது. ஆங்கிலேய மர வணிகர்கள் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்து ஏற்றுமதி செய்தார்கள். ஊரின் பெயரைச் சுமந்த மரத்தில் ஊறிய மதுவைத் திருகோணமலைக்காரர்கள் இரண்டாம் தரமாக நினைப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. ஹல்மில்லத் தொட்டி தீயாற் கருக்கப்படுவதில்லை. மறுபடி மறுபடி பாவிக்கப்படுவது. அது சாராயத்தின் பூ மணத்தைக் காப்பாற்றிக் கொடுக்குமே தவிர, வனிலாவையும் பாகு மணத்தையும் அள்ளிக் கொடுக்காது. இங்கே விற்கும் சாராயங்களிற் பல 40 சதவீதத்துக்குக் குறைந்த வலிமை கொண்டவையும்கூட. டெவில் கணவாய், முருங்கையிலை போட்ட காரமான நண்டுக்கறி, பொரித்த நெத்தலி ஆகியவற்றோடு சாராயம் சிரமமின்றி இறங்குவதற்கு இவை இரண்டும் காரணம் என்று நினைக்கிறேன்.

நண்டுக்கறி செய்யும் எண்ணம் இருந்தால் அதற்குச் சாராயத்தை வையுங்கள். பேர்பனை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். வாங்குவதாயின் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முழுநிலாப் போயா தினத்திலும் நத்தார் தினத்திலும் மதுக்கடைகள் மூடியிருக்கும்.

டிசம்பர் 9

இனி ஆட்டிறைச்சிக்கு வருவோம், ஏனென்றால் விருந்தின் நடுநாயகம் அதுதான்.

பேர்பன் என்றால் பன்றி இறைச்சி என்று எழுதுகிறவர்கள் கென்டக்கியை முழுதாகப் பார்க்கவில்லை. அந்த மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் ஓவன்ஸ்பரோ என்ற நகரம் முதிர்ந்த செம்மறியாட்டு இறைச்சியைத் தணலில் மெதுவாக வாட்டுவதற்குப் பெயர்பெற்றது. அதோடு பர்கூ என்ற தடித்த இறைச்சிக் கூழும் அங்கே பரிமாறப்படுகிறது. அதிலும் அந்த ஆட்டிறைச்சி விழும். ஆகவே ஆட்டுக்கறியும் பேர்பனும் நாம் வலிந்து சேர்த்துவைக்கிற சோடி அல்ல. அவர்கள் வாட்டும்போது வினாகிரி கலந்த சாறு ஒன்றைப் பூசிக்கொண்டே இருப்பார்கள், கொழுப்பின் கனத்தை அது வெட்டும் என்பதற்காக. அந்தப் புளிப்பை நாம் எடுக்க வேண்டாம். நம் சரக்குகளும் வறுத்த தேங்காயும் அந்த வேலையை வேறு வழியிற் செய்யும்.

பிரட்டலாகச் செய்யுங்கள், குழம்பாக வேண்டாம். தோள் பகுதியையும் விலாவையும் கொழுப்போடு வாங்குங்கள். மது வாயில் விடும் வரட்சியைக் கொழுப்புத்தான் நிரப்பும். இறைச்சி பாதி வெந்துகொண்டிருக்கும்போது தேங்காய்ப்பூவைத் தாச்சியில் போட்டு, எண்ணெய் விடாமல், சிறு நெருப்பில் கை எடுக்காமல் கிளறுங்கள். முதலில் ஈரம் போய்ப் பூ உதிரியாகும், பிறகு ஓரங்கள் மஞ்சளாகும், அதன்பின் நிறம் சட்டென்று ஓடும். தாச்சியின் விளிம்பில் எண்ணெய் மினுங்கத் தொடங்கி, பால் மணம் போய்ப் பருப்பு வறுத்த மணம் வருகிற அந்தக் கணத்தில் இறக்க வேண்டும். இறக்கினால் மட்டும் போதாது. தாச்சியின் சூடு தொடர்ந்து கருக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் உடனே ஆறிய தட்டில் கொட்டிப் பரப்புங்கள். அதை அம்மியில் வழுவழுப்பாக அரைத்து, இறைச்சி வெந்து நீர் வற்றும் தறுவாயில் சேர்த்துப் பிரட்டினால் கறி கருஞ்சிவப்பாக வந்து துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். கருக்கிய பீப்பாயின் மணம் இந்த வறுத்த தேங்காயில்தான் தன் இணையைக் காண்கிறது. இதைச் சுவைத்த எவரும் அன்றிரவு சீஸ் தட்டைத் தேடமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கூடவே குழற்புட்டு. சொதியையும் வையுங்கள், ஆனால் அதில் தேசிக்காய்ப் புளி விடுவதைப் பாதியாக்குங்கள்.

போத்தல்களைப் பொறுத்தவரை, மேக்கர்ஸ் மார்க்கில் றைக்குப் பதிலாகக் கோதுமை சேர்கிறது, வலிமை 45 சதவீதம், ஆகவே மென்மை. வைல்ட் டர்க்கி 101 இல் றை சேர்கிறது, வலிமை 50.5 சதவீதம், அவர்கள் பீப்பாயை மிக ஆழமாகக் கருக்குகிறவர்கள். ஆட்டிறைச்சிக்கு இரண்டாவது, இனிப்புக்கு முதலாவது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

டிசம்பர் 10

மீனைப் பற்றி: பழப்புளி விட்ட மீன் குழம்பு வேண்டாம். பேர்பனுக்குத் தனக்கென்று சொல்லும்படியான புளிப்பு இல்லை. புளிக்குழம்பு உண்ட வாயில் அது தட்டையாகி, மதுசாரத்தின் வெறும் எரிவு மட்டும் மிஞ்சுகிறது. கொறுக்காய்ப்புளி போட்டாலும் இதே கதைதான்.

டிசம்பர் 11

பேர்பனைக் கென்டக்கியில் மட்டுமே செய்ய வேண்டும் என்று சட்டம் இருப்பதாக உங்கள் தம்பி சொன்னாராம். அப்படி ஒரு சட்டம் இல்லை. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் செய்யலாம். 1964 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அதைத் தங்கள் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் பெரும்பகுதி கென்டக்கியில்தான் உருவாகிறது. அங்கே சுண்ணாம்புப் பாறையூடாக ஊறி வரும் நீரில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு கலந்தால் விஸ்கியின் நிறமும் ருசியும் கெடும்.

இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு. கடலோரக் கிணற்று நீரில் உவர் இருக்கும். மதுவில் கலப்பதற்கும் ஐஸ்கட்டிக்கும் நல்ல குடிநீரையே பயன்படுத்துங்கள்.

டிசம்பர் 14

மீன் பற்றி முந்தநாளுக்கு முன் எழுதியது எனக்குத் திருப்தி தரவில்லை. அது புளிக்குழம்புக்குச் சரி, மீன் முழுவதற்கும் சரியல்ல. நேற்று மாலை மழை விட்டிருந்த நேரத்தில் அதை மறுபடி சோதித்துப் பார்த்தேன்.

ஒரு துண்டு அறக்குளாவை மிளகு, மஞ்சள், உப்பு, இடித்த உள்ளி ஆகியவற்றோடு தடவி, வாழையிலையிற் பொதிந்து, சிரட்டைக் கரித் தணலில் வாட்டினேன். இன்னொரு துண்டைப் பொதியாமல் நேராகக் கம்பி வலையில் வைத்தேன். பொதிந்த துண்டு ஈரமாகவும் இனிமையாகவும் இருந்தது, ஆனால் பேர்பன் அதை மூடிவிட்டது. நேராகத் தணல் பட்ட துண்டின் கருகிய ஓரத்தைத்தான் மது தேடிப்போய்ப் பிடித்தது. கருகிய மரத்துக்கும் தணற் புகைக்கும் பொதுவான பொருள்கள் உண்டு. குவாயகோல் என்பது அவற்றில் ஒன்று, புகைமணம் தருவது. ஆகவே என் திருத்தம் இப்படி: குழம்பு மீன் வேண்டாம், தணல் மீன் வேண்டும்; இலையிற் பொதியாமல் வாட்டுங்கள். பாரையும் நன்றாக வரும். தேசிக்காயைத் துண்டாக வெட்டிப் பக்கத்தில் வைத்தால் வேண்டியவர்கள் பிழிந்துகொள்வார்கள்.

அதே தணலில் சோளப்பொத்திகளையும் சுட்டுவிடுங்கள். தோலை முழுதாக உரிக்காமல் முதலில் ஆவியில் வேகவிட்டு, பிறகு உரித்து, மணிகள் அங்கங்கே கறுக்கும் வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, உப்புப் போட்ட பட்டர் தடவுங்கள். பாதிக்கு மேல் சோளத்தால் ஆன மதுவுக்கு இதை விடப் பொருத்தமான முதற்தட்டு எனக்குத் தெரியாது. ஹபரணை வழியாக வருகிற யாரிடமாவது சொன்னால் வாங்கிவருவார்கள்.

டிசம்பர் 16

கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இது சமையலுக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று தள்ள முடியாது.

பேர்பனைக் கறியிலோ இனிப்பிலோ ஊற்றிச் சமைக்கும் குறிப்புகள் ஏராளம். கொதித்தால் மதுசாரம் போய்விடும் என்பது அவற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த உணவில் சேர்த்த மதுசாரத்தின் 40 சதவீதம் மிஞ்சியிருக்கும்; ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம்; இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். ஆகவே எந்தச் சட்டியிலும் ஒரு துளியும் விழக் கூடாது. நீங்களும் குடிக்காதவர் என்பதால் இது உங்களுக்கும் நல்லது.

இன்னொன்று. மது பரிமாறும் மேசையில் அமர்வதையே அவர்களிற் பலர் விரும்பமாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அவர்களைக் குடும்பத்தோடு ஏழு மணிக்கே வரச்சொல்லி, எல்லோரும் சேர்ந்து புட்டும் பிரட்டலும் மீனும் வட்டலப்பமும் உண்ணுங்கள். அந்த நேரத்தில் போத்தல் வெளியே வரவேண்டாம். அவர்கள் விடைபெற்ற பிறகு, ஒன்பது மணிபோல, விறாந்தையில் சிறு தட்டுகளோடு பேர்பனை எடுங்கள். பேர்பனுக்கு ஒரு பெரிய சாப்பாடு தேவையில்லை. நாலு வாய் பிரட்டல், ஒரு துண்டு தணல் மீன், பாதிச் சோளப்பொத்தி போதும். இறைச்சியை ஹலால் கடையில் வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சுக்கு மல்லிக் கோப்பி கொடுங்கள். மழை இரவில் அதற்கு நிகரில்லை.

டிசம்பர் 17

சைவர்களுக்கு வேறு தட்டு என்று ஒதுக்கிவைக்காதீர்கள். வறுத்த தேங்காயும் வறுத்த அரிசியும் கடுகும் அரைத்துச் செய்யும் பூசணிக்காய்க் கறி, ஆட்டிறைச்சியை விட ஒருபடி நன்றாகப் பேர்பனோடு போகும் என்பது என் எண்ணம். பூசணியின் இனிப்பு அதற்குக் காரணம். கடுகை மட்டும் குறைத்துப் போடுங்கள், கூடினால் மூக்கில் ஏறி மதுவோடு சண்டை பிடிக்கும். கஜுவைப் பாலில் அவித்த வெள்ளைக் கறியும் நல்லது. கத்தரிக்காயைப் பொரித்துப் புளி விடுவதைத் தவிருங்கள்.

டிசம்பர் 20

கிளாஸ், நீர், ஐஸ்.

இங்கே மாரிகாலம் என்றாலும் விறாந்தை பெரிதாகக் குளிர்வதில்லை. அந்தச் சூட்டில் மதுசாரத்தின் ஆவிதான் முதலில் மூக்குக்கு வரும். அதற்காகக் கிளாஸ் நிறைய ஐஸ் போட்டால் மணம் முழுவதும் உறைந்துபோகும். போத்தலையல்ல, கிளாஸ்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். பிறகு அளந்து நீர் சேருங்கள்: மேக்கர்ஸ் மார்க் 30 மில்லிலீற்றருக்கு 10 மில்லிலீற்றர் நீர், வைல்ட் டர்க்கி 30 மில்லிலீற்றருக்கு 15 மில்லிலீற்றர் நீர். இரண்டும் ஏறக்குறைய 34 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த வலிமையில் கறியோடு உட்கார்ந்து பேசலாம். நீர் விடுவது மதுவைக் கெடுப்பது என்று அத்தானின் நண்பர்கள் சொன்னால், 2017 இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் கணினி மாதிரியிற் கண்டதைச் சொல்லுங்கள்: நீர் சேர்ந்து வலிமை குறையும்போது, நான் முன்பு சொன்ன குவாயகோல் மதுவின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. புகைமணம் அங்கேதான் மூக்குக்கு எட்டும்.

குடிப்பவர்கள் ஆறு பேர் என்றால், ஆளுக்கு மூன்று முறை 30 மில்லிலீற்றர் வீதம் 540 மில்லிலீற்றர். 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றுக்குள்ளேயே முடிகிறது. அதற்கு மேல் ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முச்சக்கர வண்டி சொல்லிவையுங்கள்.

டிசம்பர் 22

இனிப்புக்கு மேக்கர்ஸ் மார்க் என்று 9ஆம் திகதி எழுதியதை மாற்றுகிறேன்.

பேர்பன் இனிப்பாகத் தோன்றினாலும் அதில் சீனி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வடிக்கும்போது வெல்லம் ஆவியாகி மேலே வராது; மரத்திலிருந்து இறங்குவதும் மிகச் சிறிது. நாம் இனிப்பு என்று நினைப்பது வனிலாவும் தேங்காயும் பாகும் சேர்ந்த மணத்தை. ஆகவே கித்துள் கருப்பட்டி கரைத்த வட்டலப்பத்தை ஒரு கரண்டி உண்ட பின் மென்மையான பேர்பனைச் சுவைத்தால் அந்தத் தோற்றம் கலைந்து, மரத்தின் துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். வலிமையும் றையின் உறைப்பும் உள்ள வைல்ட் டர்க்கி அங்கே தாக்குப்பிடிக்கிறது. ஏலமும் சாதிக்காயும் அதனோடு கைகோர்க்கின்றன. வட்டலப்பத்துக்கு மட்டும் நீரைக் குறைத்து 5 மில்லிலீற்றர் விட்டால் போதும். மேக்கர்ஸ் மார்க்கைத் தணல் மீனுக்கும் சோளத்துக்கும் பூசணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியைக் கடையிற் பார்த்து வாங்குங்கள். சீனி கலந்த கட்டி விரலால் அழுத்தினால் கல்லாக நிற்கும், அதில் புகைமணமும் இருக்காது. நத்தார் றிச் கேக் மிஞ்சியிருந்தால் அதைத் தேநீரோடு கொடுத்துவிடுங்கள். அதில் ஏற்கெனவே பிராந்தியில் ஊறிய பழங்கள் இருக்கின்றன; அதன் மேல் இன்னொரு மது பாரம். பிராந்தி உள்ளது என்பதைக் கிண்ணியாக் குடும்பத்துக்குச் சொல்லாமல் எடுத்துவைக்கவும் கூடாது.

டிசம்பர் 31

அழைத்தமைக்கு நன்றி, தங்கச்சி. என் நாக்குக்குப் பட்டதைப் பதிந்துவைக்கிறேன்.

சோளப்பொத்தி முதலில் தீர்ந்தது. பிரட்டலில் தேங்காயின் வறுவல் சரியான இடத்தில் நின்றிருந்தது. வைல்ட் டர்க்கியின் கடைசிச் சுவையும் கறியின் கடைசிச் சுவையும் ஒன்றாகவே நீண்டன. பூசணிக்காய்க் கறியைப் பற்றி நான் எழுதியதை அத்தான் நம்பவில்லை, ஆனால் அவர்தான் சட்டியை வழித்தார். பாரை மீனின் தோற்பக்கம் நன்றாக வாடியிருந்தது, உட்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் தணல் தேவைப்பட்டது. மழைச் சாரலில் கரி நனைந்ததால் அப்படி ஆயிற்று. அடுத்த முறை அடுப்பைக் கொட்டிலுக்குள் நகர்த்திவிடுங்கள். கட்டச் சம்பலை எடுத்தவர்கள் அதற்குப் பிறகு மதுவைத் தொடவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஜனவரி 3

மிஞ்சியதை என்ன செய்வது என்று அத்தான் கேட்டாராம். போத்தலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் வலிமையான மது தக்கையை அரித்துவிடும். வெயில் படும் அலுமாரியும் ஆகாது. அரைவாசிக்குக் கீழே இறங்கிய போத்தலில் காற்று அதிகம் என்பதால் மணம் மெல்ல மெல்ல மங்கும். சிறிய, நன்றாக மூடும் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றினால் சில மாதங்கள் தாங்கும்.

அவர் திரும்பிப் போவதற்கு முன் ஒருநாள், சந்தையில் கணவாய் நன்றாக வரும்போது, பிரட்டலுக்கு இடித்த அதே வறுத்த தூளில் மிளகாயே இல்லாமல் கறுப்புக் கறி வைத்துப் பாருங்கள். கணவாயை ஒன்றில் மிகக் கொஞ்ச நேரம் அவிக்க வேண்டும், அல்லது முக்கால் மணி நேரமாவது அவிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் இறப்பர் போல் இழுபடும். இதற்கு மேக்கர்ஸ் மார்க்கா வைல்ட் டர்க்கியா என்பதில் எனக்கே இன்னும் ஒரு முடிவு இல்லை. இரண்டிலும் சிறிது ஊற்றிவைத்து அவர் சொல்வதை எழுதியனுப்புங்கள்.